ஒற்றை எலக்ட்ரான் லாஜிக் சுற்று: முதல் சிப்பை வடிவமைத்து, செய்து, அளந்து முடிக்க ஒரு வழிகாட்டி

ஒற்றை எலக்ட்ரான் டிரான்சிஸ்டரைப் பற்றிப் படிக்கும்போது எல்லாம் எளிமையாகத்தான் தெரியும். ஒரு சின்ன உலோகத் தீவு, அதன் இரண்டு பக்கமும் டன்னல் சந்தி (எலக்ட்ரான் ஊடுருவிக் கடக்கும் அளவுக்கு மெல்லிய மின்கடத்தாப் படலம்), பக்கத்தில் கேட் என்ற மின்முனை ஒன்று. தீவு போதுமான அளவு சிறியதாக இருந்தால் அதில் ஒரே ஒரு எலக்ட்ரானைக் கூடுதலாக ஏற்றவே ஆற்றல் செலவாகும். கேட் மின்னழுத்தத்தால் அந்தத் தடையை உயர்த்தலாம், இறக்கலாம். இப்படி இரண்டைத் தொடராக இணைத்தால் இன்வெர்ட்டர், அதாவது உயர்ந்த உள்ளீட்டைத் தாழ்வாகவும் தாழ்ந்ததை உயர்வாகவும் மாற்றும் லாஜிக் சுற்று.

எனக்கு முதல் இன்வெர்ட்டர் வேலை செய்ய பத்தொன்பது மாதம் ஆனது. இயற்பியல் புரியாமல் வீணான நாட்கள் குறைவு. எதை முதலில் செய்வது, எங்கே நின்று சோதித்துவிட்டு அடுத்த படிக்குப் போவது என்று தெரியாமல் வீணானவைதான் அதிகம். இந்த வேலையில் ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடச் செலவு கூடியது. செத்த சிப் ஒன்று கடைசிப் படிவரை போய்விட்டால், இரண்டு வாரமும், குளிர்விப்பானில் அளக்க உங்களுக்குக் கிடைத்த முறையும் கையைவிட்டுப் போகும். நீங்கள் அந்தப் பத்தொன்பது மாதத்தைக் கடக்க வேண்டியதில்லை. அலுமினியம், அலுமினியம் ஆக்சைடு சந்திகளைக் கொண்டு முதல் சுற்றைச் செய்யப்போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. வெப்பநிலையை முடிவு செய்துவிட்டு வரையத் தொடங்குங்கள்

நான் முதலில் சுற்றை வரைந்தேன், பிறகு அளவுகளைப் போட்டேன், கடைசியில்தான் எந்த வெப்பநிலையில் அளப்பது என்று யோசித்தேன். வரிசை தலைகீழ். உங்களுக்குக் கிடைக்கும் குளிர்விப்பான்தான் தீவின் அளவை முடிவு செய்யும்.

கணக்கு இதுதான்: எலக்ட்ரான் மின்னூட்டத்தின் வர்க்கத்தை, தீவின் மொத்த மின்தேக்குத்திறனைப் போல் இரண்டு மடங்கால் வகுத்தால் வருவது ஏற்றும் ஆற்றல். மனதில் வைத்துக்கொள்ள ஒரே எண் போதும். மொத்த மின்தேக்குத்திறன் 1 ஃபெம்டோஃபாரட் (ஒரு பிக்கோஃபாரடில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால் ஏற்றும் ஆற்றல் சுமார் 80 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட், வெப்பநிலையாகச் சொன்னால் 0.93 கெல்வின். மின்தேக்குத்திறன் பாதியானால் இது இரட்டிப்பாகும்.

தனி டிரான்சிஸ்டரில் கூலும் தடையை, அதாவது ஏற்றும் ஆற்றல் மின்னோட்டத்தை மறிப்பதை, கண்ணால் பார்க்க, இந்த வெப்பநிலையில் ஐந்தில் ஒரு பங்குக்குப் போனால் போதும். லாஜிக் சுற்றுக்கு அது போதாது. இன்வெர்ட்டர் ஒன்றுக்கு மேல் மின்னழுத்தப் பெருக்கம் தர, ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும். 0.93 கெல்வின் தீவு என்றால் 50 மில்லி கெல்வினுக்கும் கீழே. மில்லி கெல்வின் வரை குளிர்விக்கும் டைலூஷன் ரெஃப்ரிஜிரேட்டர் இல்லாமல் நடக்காது.

அறை வெப்பநிலையிலேயே செய்யலாமே என்று தோன்றும். 300 கெல்வினில் வெப்ப ஆற்றலே 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அதைப் போல் பத்து மடங்கு ஏற்றும் ஆற்றல் வேண்டுமென்றால் மொத்த மின்தேக்குத்திறன் 0.3 ஆட்டோஃபாரடுக்குள் (ஆட்டோ என்பது ஃபெம்டோவில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். அதாவது தீவு ஓரிரு நானோமீட்டருக்குள் அடங்க வேண்டும். அதையும் ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முதல் திட்டமாக அதைத் தொடாதீர்கள்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஒவ்வொரு சந்தியின் மின்தடையும் 25.8 கிலோ ஓமுக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் எலக்ட்ரான் தீவில் தங்கவே தங்காது. அதற்காக மிக உயரவும் விடாதீர்கள், மின்னோட்டம் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். சந்திக்கு 75 கிலோ ஓம் என்பது என் இலக்கு. 50 முதல் 200 வரை எதையும் ஏற்றுக்கொள்வேன்.

2. காகித வேலைகளை முதல் வாரமே தொடங்குங்கள்

இதைத் தள்ளிப்போட்டதால் எனக்கு மூன்று மாதம் போனது. கிளீன்ரூம் நுழைவுப் பயிற்சி, வேதிப்பொருள் பாதுகாப்புப் பயிற்சி, ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிப் பயிற்சி என்று வரிசையாக வரும், ஒன்று முடியாமல் அடுத்ததில் சேர்க்கமாட்டார்கள். எலக்ட்ரான் கற்றையால் நுண்ணிய வடிவங்களை எழுதும் லித்தோகிராஃபி கருவிக்குத்தான் எங்கும் நீண்ட வரிசை, முதலில் அதில் பெயரைக் கொடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: நீங்கள் தொடப்போகும் ஒவ்வொரு வேதிப்பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாள். எவாபரேட்டருக்குள் (உலோகத்தை ஆவியாக்கிப் படியவைக்கும் கருவி) எந்த உலோகம், எந்த ரெசிஸ்ட் (கற்றையால் வடிவம் எழுதப்படும் பாலிமர் பூச்சு) போகிறது என்று எழுதிய அனுமதிப் படிவம். படிப்படியான செய்முறைத் தாள், அதில் ஒவ்வொரு படிக்கும் தேதி, நேரம், உண்மையில் வைத்த அளவு ஆகியவற்றை எழுதக் காலி இடம். குளிர்விப்பான் கோரிக்கை.

இந்தக் கடைசித் தாளில் ஒரு பொறி இருக்கிறது. அலுமினியம் சுமார் 1.2 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தியாகிவிடும். சாதாரண உலோகமாக அளக்க வேண்டுமென்றால் ஒரு டெஸ்லா வரை காந்தப்புலம் தேவைப்படும். கோரிக்கையில் காந்தம் வேண்டும் என்று எழுதவில்லை என்றால் காந்தம் இல்லாத குளிர்விப்பானை ஒதுக்கிவிடுவார்கள், அது உள்ளே போன பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

3. சுற்றை முடிந்த அளவு சிறியதாக வையுங்கள்

முதல் சிப்பில் கூட்டிச் சுற்று வேண்டாம், நேண்ட் (NAND) லாஜிக் சுற்றும் வேண்டாம். தனி டிரான்சிஸ்டர்கள் சில, இன்வெர்ட்டர்கள் சில. அவ்வளவுதான்.

இன்வெர்ட்டரின் பெருக்கம் கேட் மின்தேக்குத்திறனைச் சந்தியின் மின்தேக்குத்திறனால் வகுத்தால் வருவது. பெருக்கம் ஒன்றைத் தாண்ட, கேட் சந்தியைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். பக்கத்தில் வைத்த சாதாரண கேட் பத்து ஆட்டோஃபாரட் அளவில்தான் இருக்கும், சந்தியோ நூற்றுக்கணக்கில். ஆகவே பக்கவாட்டுக் கேட்டை வைத்து லாஜிக் செய்ய முடியாது. கேட்டை முதலில் தனி அடுக்காகப் போட்டு, அதன்மேல் எலக்ட்ரான் ஊடுருவாத அளவுக்குத் தடிமனான ஆக்சைடை வளர்த்து, தீவை அதன்மேல் படியவிட வேண்டும். ஆனால் கேட் பெருத்தால் தீவின் மொத்த மின்தேக்குத்திறனும் பெருக்கும், ஏற்றும் ஆற்றல் குறையும். பெருக்கமும் வெப்பநிலையும் ஒன்றையொன்று இழுக்கும் இந்தக் கயிற்றில்தான் முழு வடிவமைப்பும் நிற்கிறது. இது சாத்தியம் என்பதற்குச் சான்று உண்டு. 2001-இல் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட அலுமினிய இன்வெர்ட்டர் 25 மில்லி கெல்வினில் 2.6 பெருக்கம் தந்தது, 140 மில்லி கெல்வின் வரை ஒன்றுக்கு மேல் நின்றது.

அடுத்தது, புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம். தீவைச் சுற்றியுள்ள ஆக்சைடிலும் அடித்தளத்திலும் சிக்கிய மின்னூட்டங்கள் ஒவ்வொரு தீவையும் தாறுமாறாக நகர்த்திவைக்கும். எந்தத் தீவு எங்கே நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. உருவகப்படுத்தும் மென்பொருளில் எல்லாத் தீவுகளின் பின்னணி மின்னூட்டமும் பூஜ்ஜியம் என்று இருக்கும், அதனால் எதை வரைந்தாலும் அழகாக வேலை செய்யும். நான் அந்த அழகான வரைபடங்களை நம்பி, இரண்டு தீவுகளுக்கும் சேர்த்து ஒரே சரிசெய்யும் கேட் வைத்தேன். ஒரு தீவைச் சரிசெய்தால் மற்றது கெட்டது. அந்த வடிவமைப்பு முழுவதும் வீண்.

ஆகவே ஒவ்வொரு தீவுக்கும் தனியாக ஒரு சரிசெய்யும் கேட் கட்டாயம். சைமன் போன்ற மென்பொருளில் உருவகப்படுத்தும்போது ஒவ்வொரு தீவிலும் எலக்ட்ரான் மின்னூட்டத்தில் பாதி வரை கூட்டியும் குறைத்தும், தற்செயலான மதிப்புகளை வைத்து நூறு முறையாவது ஓட்டிப் பாருங்கள். சரிசெய்யும் கேட்டால் எல்லாவற்றையும் மீட்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. பெரிய சுற்றுகள் ஏன் இன்னும் வரவில்லை என்பதும் இந்தப் படியில் உங்களுக்கே புரிந்துவிடும். தீவுக்கு ஒரு கேட், கேட்டுக்கு ஒரு கம்பி, குளிர்விப்பானில் கம்பிகளோ சில டஜன்தான்.

4. லேஅவுட்: பணம் கரையும் இடம் பேடுகள்

சுற்றின் வடிவத்தை வரைய கேலேஅவுட் (KLayout) போன்ற இலவச மென்பொருள் போதும். நுண்ணிய பகுதியை ஒரு லேயரிலும், பெரிய பேடுகளை (வெளிக் கம்பிகளை ஒட்டும் உலோகத் தளங்கள்) இன்னொரு லேயரிலும் பிரித்து வையுங்கள். ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பேட் 150 மைக்ரோமீட்டர் சதுரம். ரெசிஸ்டுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1000 மைக்ரோகூலும் டோஸ் (கற்றை கொட்ட வேண்டிய மின்னூட்டம்) தேவை என்று கொள்வோம். பேடுக்கு 0.225 மைக்ரோகூலும் ஆகிறது. நுண்ணிய கோடுகளுக்கான 100 பிக்கோ ஆம்பியர் கற்றையில் எழுதினால் 37 நிமிடம். இருபது பேடுக்கு பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல். அதே பேடை 50 நானோ ஆம்பியர் கற்றையில் எழுதினால் நாலரை வினாடி! கருவிக் கட்டணம் மணிக்கணக்கில் ஏறும் என்பதால், செலவில் இதைவிடப் பெரிய மிச்சம் வேறெங்கும் இல்லை. பேடுகளை ஒளி லித்தோகிராஃபியில் முன்கூட்டியே ஒரு முழு வேஃபருக்குப் போட்டு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

ஒரே வடிவத்தைச் சிப் முழுக்கப் பதிக்காதீர்கள். சந்தி இடைவெளியை 10 நானோமீட்டர் படிகளில் மாற்றி ஐந்தாறு வகை வையுங்கள். தீவே இல்லாத தனிச் சந்திகள் நான்கைந்து வையுங்கள், ஆக்சைடின் மின்தடையைச் சொல்லப்போவது அவைதான்.

5. ரெசிஸ்டும் எழுதுதலும்

ரெசிஸ்ட் இரண்டு அடுக்கு: கீழே கோபாலிமர், மேலே பிஎம்எம்ஏ (PMMA) என்ற பாலிமர். கோபாலிமர் அதிகமாகக் கரைந்து அடியில் குடைந்துகொள்ளும், மேலடுக்கில் ஒரு குட்டிப் பாலம் தொங்கும். எழுதிய பகுதியைக் கரைக்கும் டெவலப்பர் இது: எம்ஐபிகே (MIBK) என்ற கரைப்பான் ஒரு பங்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் மூன்று பங்கு. பிறரின் டோஸை வாங்கி அப்படியே போடாதீர்கள், உங்கள் அடித்தளத்தில், உங்கள் தடிமனில் ஒரு டோஸ் வரிசை எழுதிப் பாருங்கள். ஒரு நாள் வேலை, தவிர்க்கவே கூடாத நாள். டெவலப்பரின் வெப்பநிலையையும் குறித்து வையுங்கள், குளிர்ந்த அறையில் வேறு முடிவு வரும்.

6. இரண்டு கோணங்களில் அலுமினியம்

ரெசிஸ்ட் பாலத்தின் இரண்டு பக்கமிருந்தும் சாய்வாக அலுமினியத்தைப் படியவைத்தால், பாலத்துக்கு அடியில் இரண்டு படிவுகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடமே சந்தி. இந்தப் படியில் ஒவ்வொரு எண்ணையும் நீங்களே கணக்கிட வேண்டும். பாலம் அடித்தளத்திலிருந்து 400 நானோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, இரண்டு பக்கமும் 12 டிகிரி சாய்த்து ஆவியாக்குகிறீர்கள் என்றால், இரண்டு படிவுகளுக்கும் இடையே 170 நானோமீட்டர் நகர்வு கிடைக்கும். பாலத்தின் அகலம் 100 என்றால் 70 நானோமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று படியும். கோட்டின் அகலம் 60 என்றால் சந்தியின் பரப்பு 0.0042 சதுர மைக்ரோமீட்டர். இந்த ஆக்சைடுக்கு ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு 50 ஃபெம்டோஃபாரட் என்று வைத்தால் சந்திக்கு 0.2, இரண்டுக்கும் சேர்த்து 0.4 ஃபெம்டோஃபாரட். கேட் நீங்கலாக ஏற்றும் ஆற்றல் சுமார் 2.3 கெல்வின்.

இப்போது சாய்வு இரண்டு பக்கமும் 13 டிகிரியாகிவிட்டது என்று வையுங்கள். நகர்வு 185 ஆகும், 70 என்பது 85 ஆகும். ஒரே ஒரு டிகிரிக்குப் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. எவாபரேட்டரின் கோண அளவுகோலை நம்பாமல், வெறும் சோதனைச் சிப் ஒன்றில் படியவைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நகர்வை அளந்து, அதிலிருந்து கோணத்தைக் கண்டுபிடியுங்கள்.

முதல் அடுக்கு 25 நானோமீட்டர், இரண்டாவது 45. இரண்டாவது அடுக்கு முதலாவதன் விளிம்பின்மேல் ஏற வேண்டும், மெல்லியதாக இருந்தால் அந்தப் படியிலேயே அறுந்துபோகும். முதல் படிவின்போது ரெசிஸ்டில் உள்ள திறப்பும் கொஞ்சம் அடைபடுவதால் இரண்டாவது கோடு சற்றுக் குறுகலாக வரும், லேஅவுட்டில் அதற்கு இடம் விடுங்கள்.

இரண்டு படிவுகளுக்கும் நடுவில், சந்தியின் ஆக்சைடை வளர்க்க ஆக்சிஜன். தூய ஆக்சிஜனைக் குறிப்பிட்ட அழுத்தத்தில், குறிப்பிட்ட நேரம் விட வேண்டும். ஒவ்வொரு கருவியும் வேறு என்பதால் இதற்கு நான் எண் தரப்போவதில்லை. நேரத்தைப் பத்து நிமிடமாக நிறுத்திவிட்டு அழுத்தத்தை மட்டும் மாற்றி நான்கு சிப் செய்யுங்கள். மின்தடையையும் பரப்பையும் பெருக்கினால் 300 ஓம் சதுர மைக்ரோமீட்டர் பக்கம் எது வருகிறதோ அதுதான் உங்கள் அழுத்தம். அந்த அட்டவணையைப் பத்திரமாக வையுங்கள், வேறொருவர் அதே அறையில் வேறு உலோகத்தை ஆவியாக்கிய பிறகு மறுபடி சரிபாருங்கள்.

அப்புறம் அசிட்டோனில் லிஃப்ட்-ஆஃப், அதாவது ரெசிஸ்டைக் கரைத்து அதன்மேல் படிந்த உலோகத்தைக் கழற்றுவது. மேலே மிதக்கும் உலோகத் துணுக்கு முழுவதும் விலகும்வரை சிப்பைக் காயவிடாதீர்கள். காய்ந்து ஒட்டினால் திரும்ப வராது.

7. அறை வெப்பநிலையில் அளப்பது: சிப்கள் சாகும் இடம்

என் முதல் பதினொரு சிப்களில் ஒன்பது இந்தப் படியில் செத்தன. மூன்று சிப்களைக் கொன்றது சாதாரண மல்டிமீட்டர். மின்தடை அளக்கும் நிலையில் அது சந்தியின் குறுக்கே ஒரு வோல்ட்டுக்கு மேலேகூடக் கொடுக்கும். ஆக்சைடின் தடிமன் ஒன்று, இரண்டு நானோமீட்டர்தான், தாங்காது. மிச்சம் ஆறும் போனது என் உடம்பிலும் வயர் பாண்டரிலும் (பேடுகளில் மெல்லிய கம்பியை ஒட்டும் கருவி) இருந்த நிலை மின்னூட்டத்தால்.

இப்போது நான் செய்வது இப்படி. ஒரு மில்லி வோல்ட்டுக்கு மேல் கொடுக்காத அளவீட்டுச் சுற்று, தொடரில் ஒரு மெகா ஓம் மின்தடை. ஊசியை வைப்பதற்கு முன் மூலத்தைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து தரையிணைப்பு செய்கிறேன். மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றுவதே இல்லை. பாண்டிங் செய்யும்போது சிப் தாங்கியின் எல்லா முனைகளும் ஒன்றோடொன்று குறுக்கிணைத்துத் தரையில் இருக்கும், குளிர்விப்பானில் பொருத்திய பிறகுதான் ஒவ்வொன்றாக விடுவிக்கிறேன். விடுவிக்கும் வரிசையும் தாளில் எழுதியிருக்கும்.

பாண்டரின் விசையையும் மீயொலியையும் குறைவாக வையுங்கள். அதிகமானால் பேடுக்கு அடியில் உள்ள ஆக்சைடு உடைந்து, சிலிக்கான் வழியே கசிவு வரும், அதைப் பார்த்துச் சந்தி கெட்டுவிட்டது என்று நினைப்பீர்கள்.

தொடரில் இரண்டு சந்திகளுக்கும் சேர்த்து 100 முதல் 400 கிலோ ஓம் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் கிடந்தால் நாளாக ஆக மின்தடை கூடும். அளந்த தேதியைக் குறித்து, வெற்றிடத்திலோ உலர்ந்த நைட்ரஜனிலோ வையுங்கள்.

8. திரவ ஹீலியத்தில் ஒரு முன்சோதனை

இந்தப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகப் பெரிய நேர மிச்சம் இதில்தான் கிடைத்தது. சிப்பை ஒரு குச்சியின் முனையில் கட்டி, ஹீலியம் குடுவைக்குள் 4.2 கெல்வினுக்கு இறக்குங்கள். அரை நாள் வேலை. மின்னழுத்தத்தை இரண்டு பக்கமும் 15 மில்லி வோல்ட் வரை நகர்த்தி மின்கடத்துதிறனை அளந்தால், நடுவில் ஒரு பள்ளம் தெரியும். இந்த வெப்பநிலையில் கூலும் தடை முழுதாக வராது. ஆனால் பள்ளத்தின் ஆழம், ஏற்றும் ஆற்றலை வெப்ப ஆற்றலால் வகுத்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 2.3 கெல்வின் தீவுக்கு 18 சதவீதம் போல வரும். பாதி ஆழத்தில் அகலம் 4 மில்லி வோல்ட் அளவில் இருந்தால் இரண்டு சந்திகளும் சமமாக இருக்கின்றன என்றும் நம்பலாம்.

அலுமினியம் இங்கே சாதாரண உலோகம் என்பதால் காந்தம் வேண்டாம். பின்னணி மின்னூட்டமும் இந்த அளவைக் கெடுக்காது. பத்து சிப்பில் எந்த இரண்டு டைலூஷன் ரெஃப்ரிஜிரேட்டருக்குப் போகத் தகுதியானவை என்று இந்த அரை நாளில் தெரிந்துவிடும்.

9. குளிர்விப்பானுக்குள்

இரண்டு வாரத்துக்குக் குறைவாக முறை கேட்காதீர்கள். குளிரவே ஒன்றிரண்டு நாள், குளிர்ந்த பிறகு சிக்கிய மின்னூட்டங்கள் அடங்க மேலும் ஒன்றிரண்டு நாள். முதல் நாளே சரிசெய்யத் தொடங்கினால், சரிசெய்த புள்ளி மறுநாள் காலை அங்கே இருக்காது.

கம்பிகளில் வடிகட்டி இல்லையென்றால் வெப்பமானி 20 மில்லி கெல்வின் காட்டும்போதும் எலக்ட்ரான்கள் அதைவிட மிகச் சூடாக இருக்கும். ஒவ்வொரு கம்பியிலும் குளிர்ந்த நிலையில் வடிகட்டி இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அளவிடும் மின்னழுத்தத்தையும் பத்து மைக்ரோ வோல்ட்டுக்குள் வையுங்கள், 100 மில்லி கெல்வினில் வெப்ப ஆற்றலே 8.6 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட்தான்.

முதலில் தனி டிரான்சிஸ்டர். கேட்டையும் சோர்ஸ் டிரெய்ன் மின்னழுத்தத்தையும் நகர்த்தி வைர வடிவப் படத்தை எடுங்கள். வைரத்தின் உயரம் மொத்த மின்தேக்குத்திறனையும், கேட் திசையில் அதன் நீளம் கேட்டின் மின்தேக்குத்திறனையும் தரும். கேட் 10 ஆட்டோஃபாரட் என்றால் 16 மில்லி வோல்ட்டுக்கு ஒருமுறை அதே வடிவம் திரும்ப வரும். முன்சோதனையில் கிடைத்த எண்ணோடு ஒத்துப்போனால்தான் இன்வெர்ட்டரைத் தொடுங்கள்.

இன்வெர்ட்டரில் ஒரு கேட்டை நகர்த்தினால் இரண்டு தீவுகளும் நகரும். எந்தக் கேட் எந்தத் தீவை எவ்வளவு நகர்த்துகிறது என்று முதலில் அளந்து ஒரு சிறு அட்டவணை போடுங்கள். பிறகு ஒன்றை நகர்த்தும்போது மற்றதன் விளைவைக் கழிக்கும்படி கணினியைச் செய்யவிடுங்கள். இது இருந்தால் சரிசெய்ய அரை மணி நேரம், இல்லையென்றால் நாள் கணக்கு.

வெளியீட்டை அளக்கும்போது அவசரப்பட வேண்டாம். மூல மின்தடை 200 கிலோ ஓம், கேபிள் 500 பிக்கோஃபாரட் என்றால் ஒரு மாற்றம் நிலைக்கவே பல நூறு மைக்ரோ வினாடி ஆகும். வேகமாக நகர்த்தினால் பெருக்கம் குறைவாகத் தெரியும், சுற்றின் மேல் பழி போடுவீர்கள். ஒவ்வொரு வளைவையும் இரண்டு திசையிலும் எடுங்கள். நடுவில் ஒரு துள்ளல் வந்தால் அது பின்னணி மின்னூட்டம் மாறியது, நேரத்தைக் குறித்துக்கொண்டு சரிசெய்யும் கேட்டைத் திரும்ப அமையுங்கள். எத்தனை மணிக்கு ஒருமுறை துள்ளுகிறது என்ற அந்தப் பட்டியலை வைத்துத்தான், இரண்டாவது சிப்பிலும் அலுமினியத்தோடு இருப்பதா, மின்னூட்டம் மிக நிதானமாக நிற்கும் சிலிக்கானுக்கு மாறுவதா என்று நான் முடிவு செய்தேன். சிலிக்கானில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வரும், அதற்குத் தனிப் பயிற்சி, தனி அனுமதி, உடன் ஒருவர் இல்லாமல் தொடக்கூடாது என்ற விதி எல்லாம் உண்டு. அந்தப் படிவத்தை முதல் சிப் குளிர்ந்துகொண்டிருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.